ஆடையா, க்ரீமா, டாப்பிங்கா... காசு கொடுத்து நீங்க வாங்குறது எது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துல இருக்குற திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். கல்யாணத்தன்னிக்கு ஒரு முதியவர் வந்து, 'நீ எனக்கு அடிமை'னு ஓலையைக் காட்டி வழக்காடுன கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த வழக்கு தீர்ந்த ஊர், திருவெண்ணெய்நல்லூர். அம்பாள் அங்கே வெண்ணெயால கோட்டை கட்டி தவம் இருந்தாங்கனு தலபுராணம் சொல்லுது. ஓலைக்கும் 'ஏடு'னு பேரு, பால்மேல படியுறதுக்கும் 'ஏடு'னு பேரு. க்ரீம்ங்கிறது கஃபே கொண்டுவந்த புது ஐட்டம் இல்லை மக்களே... நம்ம ஊர் பேருலயே இருக்கு!

ஆனா, வீக் எண்ட் பிரஞ்ச்ல பான்கேக் மேல வந்து உட்காருற வெள்ளை மேகம் எல்லாமே பால் க்ரீம் இல்லை. வித்தியாசம் தெரிஞ்சா காசும் மிச்சம், ருசியும் நிச்சயம். வாங்க பார்ப்போம்!

ஆடை எப்படி வருது?

பாலைச் சூடாக்குறப்போ மேல்பரப்புல இருக்குற தண்ணீர் ஆவியாகும். பாலோட புரதங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நடுவுல கொழுப்பைப் பிடிச்சு வெச்சுக்கும். அதுதான் பாலாடை. க்ரீம் வேற. கொழுப்பு, தண்ணீரைவிட லேசானது. அதனால பாலை அசையாம வெச்சா தானா மேல மிதந்து வரும். இதையே நொடியில சுழற்றிப் பிரிக்கிற மெஷினை 1878-ல உருவாக்கினவர் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் டி லாவல்.

பாக்கெட் பால்ல ஆடை சரியா வரலைனு வருத்தமா? பாக்கெட்ல 'ஹோமோஜெனைஸ்டு'னு இருக்கானு பாருங்க. கொழுப்புத் துளிகளைப் பொடிப்பொடியா உடைச்சிருப்பாங்க. அது மேல மிதந்து வராது. அதனால ஆடை மெல்லிசாத்தான் இருக்கும். கொழுப்பு அளவும் முக்கியம். டோன்டு பால்ல 3%, ஸ்டாண்டர்டைஸ்டு பால்ல 4.5%, ஃபுல் க்ரீம் பால்ல 6%. ஆடை வேணும்னா ஃபுல் க்ரீம்தான் சரி.

லேபிள் படிங்க ப்ளீஸ்!

* கடையில சாதாரணமா கிடைக்கிற ஃப்ரெஷ் க்ரீம்ல கொழுப்பு 25% தான். கிரேவிக்கும் ஃப்ரூட் சாலட்டுக்கும் சூப்பர். ஆனா எவ்வளவு அடிச்சாலும் நுரைச்சு நிக்காது. தப்பு உங்க கை மேல இல்லை!

* விப் பண்ண குறைஞ்சது 30% கொழுப்பு வேணும். க்ரீம், பாத்திரம், பீட்டர் எல்லாமே ஜில்லுனு இருக்கணும். கொழுப்பு இளகிட்டா காத்தைப் பிடிச்சு வைக்காது. கொஞ்சம் அதிகமா அடிச்சுட்டீங்களா? வெண்ணெய் பிரிஞ்சுடும். தூக்கிப் போடாதீங்க, தோசைக்கு ஆச்சு.

* 'விப் டாப்பிங்'னு போட்டிருந்தா பெரும்பாலும் அது தாவரக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தது. ரொம்ப நேரம் கலையாம நிக்கும். ஆனா பால் ருசி இருக்காது.

* ஐஸ்க்ரீம்னா பால் கொழுப்பு மட்டும்தான் இருக்கணும். 'ஃப்ரோஸன் டெஸர்ட்'னா தாவரக் கொழுப்பு கலந்திருக்கும். ரெண்டும் ஒரே ஃப்ரிட்ஜ்லதான் இருக்கும், கவனம்.

நம்ம ஊர் க்ரீம் மெனு

மதுரை ஜிகர்தண்டாவுக்கு உயிரே சுண்டக் காய்ச்சின பாலும் ஆடையும்தான். பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் அதுக்குப் பக்கவாத்தியம். ஆப்பத்துக்கு ஊத்துற முதல் தேங்காய்ப்பாலும் ஒருவகையில க்ரீம்தான், என்ன... மாட்டுக்குப் பதிலா மரம்! ஒரு விஷயம், பாலடை பாயசத்துல வர்ற 'அடை' அரிசி மாவுல செய்றது. அதுக்கும் பாலாடைக்கும் சம்பந்தமில்லை.

ஞாயித்துக்கிழமை பாசுந்தி

அடி கனமான, அகலமான கடாய்ல ஒரு லிட்டர் ஃபுல் க்ரீம் பாலைக் கொதிக்க விட்டு தீயைக் குறைங்க. ஆடை படியப் படிய கரண்டியால ஓரத்துல ஒதுக்கிக்கிட்டே வாங்க. அடிப்பிடிக்காம அப்பப்போ கிளறுங்க. பால் பாதியா சுண்டினதும் நாலு ஸ்பூன் சர்க்கரை, ஏலக்காய்த்தூள் போட்டு, ஓரத்து ஆடையைச் சுரண்டி உள்ளே சேருங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஜில்லுனு எடுங்க. இடையிடையே நாக்குல தட்டுப்படுற அந்த ஆடைத் துண்டுக்காகத்தான் இவ்வளவு பொறுமையும்.

எவ்வளவு சாப்பிடலாம்?

25% க்ரீம் ஒரு டேபிள் ஸ்பூன்ல (15 கிராம்) கிட்டத்தட்ட 4 கிராம் கொழுப்பு இருக்கு. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. கொலஸ்ட்ரால், சர்க்கரைக்கு மாத்திரை எடுக்குறவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கறது நல்லது. மத்தவங்க தினமும் டாப்பிங் சாப்பிடுறதுக்குப் பதிலா, வாரத்துல ஒருநாள் நிஜ க்ரீமா ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிடுங்க. பால் காயுறப்போ ஆடை பிடிக்கலைனு வடிகட்டிக் கொட்டுற ஆளா நீங்க? நாளையிலிருந்து அதை ஒரு டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. ரெண்டே நாள்ல சூடான பிரெட் மேல தடவி, சர்க்கரை தூவிச் சாப்பிடுற அளவுக்குச் சேர்ந்துடும்!