அலை முறியும் கரையும் படகின் விசிறியும்: சென்னைக் கடலோரத்தில் புரொப்பெல்லரின் வரலாறு

விரைவுப் படகுக்கு எந்த வகைப் புரொப்பெல்லர் பொருத்தமானது என்னும் கேள்வி, பந்தயப் படகுகளின் உலகில் வேகத்தை மட்டுமே முன்னிறுத்திக் கேட்கப்படுகிறது. இயற்கைத் துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரையிலோ, அதே கேள்வி வேகத்துக்கு முன்பாக மணலையும் அலையையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு மீன்வளத் துறையின் இயக்குநரகம் நெடுங்காலம் இயங்கிய இடம் என்பதாலும், வங்காள விரிகுடாத் திட்டம் என்னும் பன்னாட்டு மீன்வளத் திட்டத்தின் அலுவலகம் அதன் அஞ்சல் எல்லைக்குள் அமைந்தது என்பதாலும், கடலைப் பார்த்திராத தேனாம்பேட்டைக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

சென்னையின் கடற்கரையில் அலைகள் கரைக்குச் சற்று முன்பாகவே முறிந்து விழுவதால், ஆழமான அடிப்பாகம் கொண்ட எந்தக் கலமும் கரையை அணுக முடியாது. ஆகவே ஐரோப்பியக் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம் மீனவரின் கலமாக இருந்தது. இவ்விரண்டும் அலையின் அடியை நெகிழ்ந்து தாங்கின; அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு எதுவும் இல்லாததால் நேராக மணலில் ஏறின. 1876இல் தொடங்கிய செயற்கைத் துறைமுகப் பணி 1881ஆம் ஆண்டுப் புயலில் பெருஞ்சேதமுற்று மீண்டும் எழுப்பப்பட்ட பின்னரும், துறைமுகத்தின் பயன் கப்பல்களுக்கே கிடைத்தது. மீனவக் குப்பங்களின் கரை முன்பிருந்தபடியே இருந்தது.

இதே நூற்றாண்டில் மேற்குலகில் நீராவிக் கப்பல்களின் பக்கச் சக்கரங்களை அகற்றிவிட்டுப் புரொப்பெல்லர் இடம்பிடித்தது. 1836இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தும், சுவீடனைச் சேர்ந்த ஜான் எரிக்சனும் தனித்தனியே இதற்குக் காப்புரிமை பெற்றனர். ஸ்மித்தின் முதற்கருவி இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட மரத்திருகாக இருந்தது. 1837இல் லண்டனின் கால்வாய் ஒன்றில் நடந்த ஓட்டத்தில் அதன் ஒரு பகுதி உடைந்து விழுந்தபோது படகின் வேகம் குறையாமல் கூடியதால், நீண்ட திருகைவிடக் குறுகிய இதழ்களே நன்கு உந்துகின்றன என்பது தெளிவாயிற்று. 1845 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை, புரொப்பெல்லர் பொருத்திய ராட்லர் கப்பலையும் சக்கரம் பொருத்திய அலெக்டோ கப்பலையும் பின்புறமாகப் பிணைத்து எதிரெதிர்த் திசையில் செலுத்தியபோது, ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. அன்று ராட்லரின் எஞ்சின் கூடுதல் ஆற்றலை வெளிப்படுத்தியதால் அது சமமான போட்டி அன்று எனினும், மக்கள் மனத்தில் வழக்குத் தீர்ந்துவிட்டது.

புரொப்பெல்லரைத் தேர்வு செய்வதில் முதன்மையான அளவுகள் இரண்டு. இதழ்களின் நுனிகள் வரையும் வட்டத்தின் குறுக்களவு விட்டம் எனப்படும். நழுவாத திடப்பொருளுக்குள் திருகாணி செல்வதுபோல ஒரு சுற்றில் அது முன்னேறக்கூடிய தூரம் பிட்ச் எனப்படும். நீர் பின்வாங்குவதால் உண்மையான முன்னேற்றம் எப்போதும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்த வேறுபாடே நழுவல். நிமிடத்துக்கு 5,500 முறை சுழலும் எஞ்சினில், சுழற்சியைப் பாதியாக்கும் கியர் வழியாக 21 அங்குலப் பிட்ச் கொண்ட புரொப்பெல்லர் சுழன்றால், கணக்கின்படி மணிக்கு ஏறத்தாழ 47 கடல் மைல் வேகம் கிடைக்க வேண்டும். நழுவல் பத்து விழுக்காடானால் அது 43க்குக் கீழே இறங்கும். நீரைக் கிழித்தபடி மெல்ல நகரும் மீன்பிடிப் படகிலோ நழுவல் இதைப்போலப் பல மடங்கு ஆகலாம். மிகுதியான நீரை மெதுவாகத் தள்ளுவது, சிறிதளவு நீரை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனமானது என்பதால், மெல்லச் செல்லும் கலத்துக்குப் பெரிய விட்டமும் குறைந்த சுழற்சியுமே உகந்தவை.

வேகம் கூடும்போது வேறொரு தடை எழுகிறது. இதழின் முன்முகத்தில் அழுத்தம் மிகவும் குறையும்போது நீர் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவிக்குமிழிகளாக மாறி, அவை மீண்டும் உடையும்போது உலோகத்தை அரிக்கின்றன; இது கேவிடேஷன் எனப்படுகிறது. சார்லஸ் பார்சன்ஸ் 1894இல் வெள்ளோட்டம் விட்ட டர்பினியா, தொடக்கத்தில் ஒற்றைப் புரொப்பெல்லருடன் எதிர்பார்த்த வேகத்தை எட்டாமற்போனதற்கு இதுவே காரணம். மூன்று தண்டுகளில் மும்மூன்றாக ஒன்பது புரொப்பெல்லர்களைப் பொருத்திச் சுமையைப் பகிர்ந்த பின்னரே, அது மணிக்கு 34 கடல் மைல் வேகத்தைத் தொட்டு, 1897இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பின் நடுவே பாய்ந்து சென்றது. இருபதாம் நூற்றாண்டின் பந்தயப் படகுகள் இதற்கு மாற்றுவழி கண்டன. புரொப்பெல்லரின் பாதியை நீருக்கு மேலே விட்டுச் சுழற்றினால் ஆவிக்குமிழி உண்டாகும் இடத்தைக் காற்று நிரப்பிவிடும். தண்டும் அதன் தாங்கிகளும் நீரை இழுக்கும் தடையும் குறையும். ஆப்புபோன்று பின்விளிம்பு தடித்த கிளீவர் வகை இதற்கென உருவானது. வளைந்து சாய்ந்த இதழ்களுடைய சாப்பர் வகை படகின் மூக்கைத் தூக்கிப் பிடிக்கவும், நான்கு இதழ் வகை பின்பகுதியைத் தாங்கவும் விரும்பப்படுகின்றன. அலுமினியத்தைவிட மெல்லியதாக வார்க்க முடிவதாலும் வேகத்தில் வளையாததாலும் துருப்பிடிக்காத எஃகு இவற்றுக்கு ஏற்றதாகிறது.

தமிழ்நாட்டின் மீன்பிடிப் படகுகளில் எஞ்சின் பரவலானது 1950களுக்குப் பிறகுதான். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு அனுப்பிய பால் ஸீனர், பீட்டர் குர்ட்னர் ஆகிய படகு வடிவமைப்பாளர்கள் இந்தியாவுக்கான எஞ்சின் படகுகளை வரைந்ததோடு, கிழக்குக் கரையின் அலைகளைக் கடந்து மணலில் ஏறக்கூடிய படகுகளையும் முயன்று பார்த்தனர். ஆனால் ஐந்தாண்டுத் திட்டங்களின் உதவியோடும், பின்னர் இறால் ஏற்றுமதியின் ஈர்ப்போடும் பெருகியவை, துறைமுகத்தையோ முகத்துவாரத்தையோ சார்ந்த இழுவலை விசைப்படகுகளே. வலையை இழுக்கப் பெரிய விட்டமும் குறைந்த பிட்சும் உள்ள புரொப்பெல்லர் தேவைப்பட்டது. அதற்குப் படகின் அடி ஆழமாக வேண்டியிருந்தது. ஆழமான அடி அந்தப் படகைக் குப்பத்துக் கரையிலிருந்து நிரந்தரமாக விலக்கியது. காசிமேட்டு விசைப்படகுக்கும் நொச்சிக்குப்பத்துக் கட்டுமரத்துக்கும் இடையே ஏற்பட்ட பிளவு முதலீட்டால் மட்டும் நேர்ந்ததன்று, புரொப்பெல்லர் கேட்ட ஆழத்தாலும் நேர்ந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள கடலைப் பாரம்பரிய மீனவர்க்கு ஒதுக்கிய 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இப்பிளவை எல்லைக்கோடாகவே வரைந்தது.

இந்த இடைவெளியை நிரப்புவது வங்காள விரிகுடாத் திட்டத்தின் பணிகளுள் ஒன்றாயிற்று. 1979இல் சுவீடனின் நிதியுதவியோடு தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் தலைமையிடம், தேனாம்பேட்டை அஞ்சல் வட்டத்துக்குள் அடங்கும் அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் இயங்கியது. நார்வேயைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிராண்ட்சன் அங்கு ஆராய்ந்த சிக்கல் தெளிவானது: டீசல் எஞ்சினின் சிக்கனம் வேண்டும், போதிய விட்டமுள்ள புரொப்பெல்லரும் வேண்டும், ஆனால் மணல் தட்டும்போது அது அங்கே இருக்கக் கூடாது. விடையாக அமைந்த பாப் டிரைவ் என்னும் பொறியமைப்பில், எஞ்சின், தண்டு, புரொப்பெல்லர், சுக்கான் ஆகிய நான்கும் ஒரே தொகுதியாகப் பிணைக்கப்பட்டு, படகின் அடியில் நீர் புகாதபடி மூடிய ரப்பர் துருத்தி ஒன்றின் வழியே ஏறி இறங்கின. ஆழ்கடலில் முழுவதும் இறக்கியும், அலை முறியும் பகுதியில் உயர்த்தியும் ஓட்ட முடிந்தது. சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைக்க, எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, பெரிய புரொப்பெல்லரை மெல்லச் சுழற்றுவதே வழி என்பதையும் குல்பிராண்ட்சனின் எழுத்துகள் வலியுறுத்தின.

பொறியியலில் நேர்த்தியான இந்த அமைப்பு தமிழ்நாட்டுக் கரையில் பெருவழக்காகவில்லை. தென்கோடியில் முட்டத்தை மையமாகக் கொண்டு ஒட்டுப்பலகைப் படகுகளும், அவற்றின் பின்புறத்தில் தொங்கும் மண்ணெண்ணெய் அவுட்போர்டு எஞ்சின்களும் பரவின. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள், சென்னைக் குப்பங்களில் நீண்ட தண்டின் முனையில் சிறு புரொப்பெல்லர் பொருத்திய டீசல் எஞ்சின்களோடு நிலைபெற்றன. சரிந்த தண்டு, சிறிய விட்டம், மிகுந்த சுழற்சி ஆகியவற்றால் இந்த எஞ்சின் ஆற்றலை வீணாக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருவர் கையால் அழுத்தினால் தண்டு நீரைவிட்டு மேலே எழும். வலை சிக்கினால் அங்கேயே அகற்றலாம். பழுதானால் குப்பத்திலேயே பிரிக்கலாம்.

அதே கரையில் கடலோரக் காவல் படையின் இடைமறிப்புப் படகுகள் மணிக்கு 45 கடல் மைல் அளவுக்குச் செல்வதற்குப் புரொப்பெல்லரையே துறந்து, நீரை உள்ளிழுத்துப் பின்னே பீய்ச்சும் நீர்த்தாரைப் பொறியை ஏற்றுள்ளன. பந்தயப் படகு தன் புரொப்பெல்லரைப் பாதி வெளியே எடுப்பது வேகத்துக்காக; குப்பத்துப் படகு அதை முழுவதும் வெளியே எடுப்பது கரை சேர்வதற்காக. உந்துகருவியின் திறனைச் சோதனைத் தொட்டியில் கிடைக்கும் விழுக்காட்டால் மட்டும் அளந்தால் நீள்தண்டு எஞ்சின் கடைசி இடத்தையே பெறும். படகு கடலில் இறங்கிய கணம் முதல் மணலில் ஏறும் கணம் வரையிலான முழுப் பயணத்தையும் அளந்தால், அக்கரையின் மீனவர் அதைத் தேர்ந்தது கணக்குப் பிசகு ஆகாது. பாப் டிரைவ் சுட்டிய எரிபொருள் சிக்கனத்தை, நீள்தண்டு தரும் எளிமையை விட்டுக்கொடுக்காமல் அடைவதே இந்தக் கரையின் வடிவமைப்பாளர்களுக்கு இன்னும் எஞ்சியுள்ள பணி.