ரோசாப்பூத் துரையும் வைக்கம் சாலையும்

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு "ரோசாப்பூ" என்று பெயரிடும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. மேலங்கியில் ரோசாப்பூவைச் செருகிக்கொண்டு நீதிமன்றம் வந்த கிறிஸ்தவ வழக்கறிஞர் ஒருவரை நினைந்து இட்ட பெயர் அது. அவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். சபை வரலாற்று வகுப்புகளில் மிஷனெரிமாரின் வாழ்க்கையை விரிவாகப் படிக்கும் நம் மாணவர், இவரை அரிதாகவே அறிவர்.

1887-ல் திருவிதாங்கூரின் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த இவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் எடின்பரோவிலும் கற்று, இலண்டனில் பாரிஸ்டராகி, 1909-ல் நாடு திரும்பினார். பின்னர் மதுரையில் தொழில் நடத்தினார். இதழாளர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பி.

1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர் மீது ஏவப்பட்டபோது, ஆடவர் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவலர் கண்காணிப்பில் அடங்கிக் கிடக்க வேண்டும் என்றாயிற்று. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பெண் ஒருவர் உட்பட 16 பேர் மாண்டனர். அம்மக்களுக்காக ஜோசப் நீதிமன்றத்திலும் எழுத்திலும் வாதாடினார். பிறவிப் பாவம் மாந்தர் அனைவருக்கும் பொது என்று நாம் போதிக்கிறோம். அரசாங்கமோ அதனைச் சில சாதியாருக்கு மட்டும் ஒதுக்கிப் பதிவேடு வைத்தது!

ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலைத் துறந்த அவர், அலகாபாத்தில் "இன்டிபென்டென்ட்" நாளிதழை நடத்திச் சிறை சென்றார். காந்தியடிகள் சிறையிலிருந்தபோது, 1923-ல் "யங் இந்தியா"வின் ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றார்.

இத்தனை நெருக்கம் இருந்தும், 1924-ல் வைக்கத்தில் இருவரும் வேறுபட்டனர். அங்கே கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் ஈழவரும் புலையரும் நடக்கலாகாது. கிறிஸ்தவரும் முகமதியரும் தடையின்றி நடந்தனர். மார்ச் 30-ல் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று; ஜோசப் அதில் முன்னின்றார். ஏப்ரல் 6-ல் காந்தியடிகள் அவருக்கு எழுதிய கடிதத்தில், தூய்மை பெறவேண்டியவர்கள் இந்துக்களே, ஆகவே அப்பணியை அவர்களிடமே விட்டுவிடுக என்று அறிவுரை கூறினார். ஜோசப்போ இதனை ஒரு மதத்தாரின் உள்விவகாரமாகக் கருதவில்லை. பொதுச்சாலையில் நடப்பது குடிமக்கள் அனைவருக்குமுரிய உரிமை என்பது அவருடைய நிலை. அம்மாதமே கைதானார்.

யார் கூற்று சரி? காந்தியடிகளின் சொல்லில் நம்மைச் சுடும் உண்மையொன்று உண்டு. ஆராதனையில் தனி இருக்கையும் கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதியும் வைத்திருந்த சபையார், பிறர் வாசலில் நின்று சாதியைக் கண்டிப்பது எளிதன்று. ஆயினும் நான் ஜோசப் பக்கமே சாய்கிறேன். அச்சாலையில் நடக்கும் சலுகை கிறிஸ்தவனுக்கு இருந்தது. அதுவே அவனை வழக்கின் ஒரு தரப்பாக்கிவிட்டது. நேற்றுவரை விலக்கப்பட்ட புலையன் ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் அதே சாலையில் நடக்கலாம் என்றால், அந்தத் திருவருட்சாதனம் அங்கே அனுமதிச் சீட்டாகிவிடுகிறதே! குருமார் இதை எண்ணாதிருக்கலாமா?

தலைவர்கள் கைதானபின் ஈ.வெ.ராமசாமி வைக்கம் வந்து போராட்டத்தை நடத்தினார். 1925 நவம்பரில் அது முடிவுற்றது. அதே மாதத்தில், நான் வாழும் ஓரிக்கையை அடுத்த காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்படவே, அவர் வெளியேறினார்.

ஜோசப்புக்கும் காங்கிரசோடிருந்த பிணைப்புத் தளர்ந்து, பல்லாண்டுகள் கழித்தே மீண்டும் இறுகியது. 1937 ஜூலையில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலித் தொகுதியிலிருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் எட்டு மாதங்கள்கூட அங்கே அமரவில்லை. 1938 மார்ச் 5 அன்று, ஐம்பதாம் வயதில், மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் காலமானார். அவர் எதிர்த்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்க, 1947 வரையாயிற்று.