இணையாக்கி

பரந்து செல்லும் ஒளியையோ கதிர்வீச்சையோ ஒரே திசையில் செல்லும் குறுகிய கற்றையாக்கும் கருவி இணையாக்கி. கோலிமேட்டர் என்றும் இதைச் சொல்வர். கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் இவ்வேலையை வில்லை செய்கிறது: அதன் குவியத்தில் உள்ள பிளவிலிருந்து வரும் கதிர்கள் வில்லையைக் கடந்ததும் இணையாகின்றன. எக்ஸ் கதிர், காமாக் கதிர் ஆகியவற்றைக் கண்ணாடி வில்லை அவ்வாறு திருப்புவதில்லை. ஆகவே ஈயம், டங்ஸ்டன் போன்ற அடர்ந்த உலோகத்தில் துளையோ பிளவோ விட்டு, திசை பிசகி வருபவற்றைத் தடுக்கிறார்கள்.

தொடக்க காலத்தில் இது வானியலாரின் கருவி. 1825இல் இங்கிலாந்தின் ஹென்றி கேட்டர் பாதரசத்தில் மிதக்கும் இணையாக்கியை அறிவித்தார். தொலைநோக்கியின் கிடைமட்டத்தைச் சரிபார்க்க அது உதவியது. அறிவியலாளர்களான கிர்க்காஃபும் புன்சனும் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் அமைத்த, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக்காட்டியிலும் இணையாக்கி இடம்பெற்றது. அக்கருவியால் 1860இல் சீசியம், 1861இல் ருபீடியம் ஆகிய தனிமங்கள் கண்டறியப்பட்டன.

1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டபின் தடுக்கும் வகை வளர்ந்தது. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்கள் படத்தை மங்கச் செய்தன. 1913இல் குஸ்டாவ் பக்கி ஈயப் பட்டைகளாலான வலையால் அவற்றை வடிகட்டினார். பட்டைகளின் நிழலும் படத்தில் விழுந்ததால், படமெடுக்கும்போதே வலையை நகர்த்தும் முறையை ஹாலிஸ் பாட்டர் உருவாக்கினார்.

1950களின் பிற்பகுதியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய, உடலுக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் காமாக் கதிரைப் படமாக்கும் காமா கேமராவுக்கும் துளையிட்ட ஈயமே கண். துளை குறுகினால் படம் தெளியும், ஆனால் உள்ளே வரும் கதிர் குறையும். பொதுவாகப் பத்தாயிரம் காமா ஃபோட்டான்களில் ஒன்று அளவுக்கே இணையாக்கியைத் தாண்டி உணரியை அடைகிறது.

சிகிச்சையில் இதே கருவி நலமான திசுவைக் காக்கிறது. 1968இல் ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் அமைத்த காமா கத்தி என்னும் கதிர்வீச்சுக் கருவியில் 179 கோபால்ட் மூலங்களின் கற்றைகள் இணையாக்கிகள் வழியே வந்து மூளையின் ஒரே புள்ளியில் சந்தித்தன. இன்றைய பல்லிதழ் இணையாக்கியில் மோட்டாரால் நகரும் டங்ஸ்டன் இதழ்கள் கற்றையைக் கட்டியின் வடிவத்துக்கு வெட்டுகின்றன.

விண்வெளியிலும் இது தொடர்கிறது. 1970இல் ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள் எக்ஸ் கதிர் மூலங்களின் திசையை இணையாக்கிகளால் அறிந்தது. 1978இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் ஆய்வகமோ, கதிர் மேற்பரப்பை உரசிச் செல்லும்படி அமைந்த ஆடிகளால் எக்ஸ் கதிரைக் குவித்தது. ஆயினும் கதிரின் ஆற்றல் கூடக்கூட அவ்வாறு குவிப்பது கடினமாகிறது. 2015இல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் இரு வழியையும் கையாண்டது: ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிருக்கு ஆடி, ஆற்றல் மிகுந்ததற்கு இணையாக்கி.