துளி இரத்தத்தில் துடித்த உயிர்

கிள்ளான் நகரும் அதன் துறைமுகமும் இன்று வணிக வளத்திற்குப் பெயர் பெற்றவை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில் அவை காய்ச்சலுக்கே பெயர் பெற்றிருந்தன. முதலில் காப்பிக்கும் பின்னர் இரப்பருக்குமாகக் காடழிக்கப்பட்ட சிலாங்கூர்க் கடற்கரைக்குத் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளருள் பலர், குளிர்காய்ச்சல் கண்டு மடிந்தனர். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்றே அதற்குக் காரணமென நெடுங்காலம் நம்பப்பட்டது. 'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்பதுதான் பொருள். காற்றை எதிர்த்துப் போராடுவது எங்ஙனம்? அந்நம்பிக்கை நீங்குவதற்கு, கண்ணுக்குப் புலப்படாத ஒன்று அசைவதை மனிதன் காண வேண்டியிருந்தது.

அதனைக் கண்டவர் பிரெஞ்சுப் படை மருத்துவர் லவரான். 1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், அல்சீரியாவில், நோயாளி ஒருவரின் புதிய இரத்தத்துளியை அவர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மலேரியாவால் இறந்தோரின் உடலில் கருநிறத் துகள்கள் இருப்பதை முன்னரே பலர் கண்டிருந்தனர். ஆனால், இறந்த உடலில் எல்லாமே அசைவற்றுக் கிடக்கும். லவரான் நோக்கிய துளியிலோ, கருந்துகள் கொண்ட உருண்டை ஒன்றின் விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் நீண்டு, சாட்டைபோல் சுழன்று, அருகிலிருந்த சிவப்பணுக்களைத் தள்ளின. ஒரு சிவப்பணுவின் அகலம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கியதில் ஏறக்குறைய ஏழு கூறேயாகும். அத்துணைச் சிறிய உலகில் அவர் ஓர் உயிரை இனங்கண்டார்.

அசைவதெல்லாம் உயிராகிவிடாது என்பதையும் ஈண்டுக் கருதவேண்டும். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாது நடுங்குவதை 1827இல் இராபர்ட் பிரௌன் ஆராய்ந்தார். நீரின் மூலக்கூறுகள் எப்பக்கமும் மோதுவதால் உண்டாகும் நடுக்கம் அது. துகள் குறியின்றி அலையும். உயிரோ தன் ஆற்றலால் செல்லும். இவ்விரண்டையும் பிரித்தறிய, ஒருமுறை பார்த்தல் போதாது. போகும் வழியெல்லாம் பின்தொடர்தல் வேண்டும்.

அவ்வாறு பின்தொடர்ந்தவருள் முதன்மையானவர், சென்னை மாகாண மருத்துவப் பணியிலிருந்த ரொனால்டு ராஸ். 1894இல் இலண்டனில் பேட்ரிக் மேன்சன் அவருக்கு அந்நுண்ணுயிரைக் காட்டினார். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில், நோயாளியைக் கடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில் அதே கருந்துகளை ராஸ் கண்டார். அத்துகளே தடயமாயிற்று. மறு ஆண்டு கல்கத்தாவில், பறவைகளைத் தாக்கும் மலேரியாவை ஆராய்ந்து, அக்கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும் நிறுவினார்.

அவ்வறிவு கிள்ளானுக்கு வந்துசேர நெடுங்காலம் ஆகவில்லை. 1901ஆம் ஆண்டு சனவரியில் மால்கம் வாட்சன் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக நோயுற்றனர். துறைமுகத்தையே மூடிவிட நேருமோ என்ற நிலையும் எழுந்தது. வாட்சனின் பரிந்துரைப்படி புதர்கள் வெட்டப்பட்டன. சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன. கடல்நீரைத் தடுக்க அணைகள் எழுந்தன. 1901இல் அவ்விரு ஊர்களிலும் இறந்தோர் 582 பேர்; அவருள் காய்ச்சலுக்கு இரையானோர் 368 பேர். 1902இல் இவ்வெண்ணிக்கைகள் முறையே 144ஆகவும் 59ஆகவும் குறைந்தன.

ஆயினும், கடற்கரையில் வென்ற முறை மலைச்சாரல் தோட்டங்களில் தோற்றது. அங்கே காட்டை வெட்டி ஓடைகளைத் திறந்துவிட்டபோது காய்ச்சல் பெருகிற்று. காரணம் கொசுவின் இனம். கடற்கரைச் சதுப்பின் 'அம்புரோசசு' நிழல்நீரில் முட்டையிடுவது; மலைச்சாரலின் 'மாக்குலேட்டசு' வெயில்படும் தெளிந்த ஓடைநீரை விரும்புவது. இதனை உணர்ந்த பின்னரே, மலையோடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தும் முறையும் நீர்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் பரவின. திட்டம் மருத்துவருடையது, தோட்டந்தோறும் வாய்க்காலைத் துப்புரவாக்கி, நாள்தோறும் எண்ணெய்க் கலத்தைத் தோளில் சுமந்தவர்களோ தொழிலாளர்கள். வாட்சனின் பெயர் நூல்களில் நிலைத்தது. அவர்தம் பெயர்கள் நிலைக்கவில்லை.

நுண்ணோக்கியின் கண்ணுக்கும் எல்லை உண்டு. சரவாக்கின் காப்பிட் பகுதியில் நுண்ணோக்கி ஒருவகை மனித மலேரியா எனக் காட்டியதில் பெரும்பகுதி, உண்மையில் குரங்குகளிடமிருந்து பரவும் 'நோலெசி' மலேரியாவே என்பதை, பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனையால் கண்டறிந்து 2004இல் வெளியிட்டனர். 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டிலேயே தொற்றும் மனித மலேரியா பதிவாகாத நிலை ஏற்பட்ட பின்னரும், குரங்கு மலேரியா தொடர்ந்து மக்களைத் தாக்கிற்று.

பின்தொடரும் கலையும் வளர்ந்துள்ளது. பாரிசின் பாஸ்டர் ஆய்வகத்தார், ஒளிரும்படி மாற்றப்பட்ட கிருமிகளைக் கொசு உயிருள்ள எலியின் தோலில் செலுத்திய பின், அவற்றின் போக்கை நொடிக்கு நொடி படமெடுத்து 2006இல் வெளியிட்டனர். நுண்துளைகள் நிறைந்த சுழலும் வட்டு, பிற ஆழங்களின் ஒளியை விலக்கித் தெளிவு தந்தது. படங்களை அடுக்கி ஒவ்வொரு கிருமியின் தடத்தையும் கோடாக வரைந்தபோது, சில குருதி நாளத்துள் நுழைவதும், சில நிணநீர் வழியே செல்வதும், பல தோலிலேயே தங்கிவிடுவதும் புலனாயின. அவை செல்லும் வேகம் நொடிக்கு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு கூறே.

அந்தச் சிறு தொலைவை அளக்கக் கற்ற அறிவியலின் வரலாற்றில், கிள்ளானின் 1901ஆம் ஆண்டு மரணப் பதிவேடும் ஓர் ஏடாகும். பள்ளியின் அறிவியல் அறையில் நுண்ணோக்கியைக் குனிந்து நோக்கும் தமிழ்ச் சிறுவர்க்கு, லவரானின் பெயரோடு அந்த 368 பேரையும் சேர்த்தே சொல்லித்தருதல் ஆசிரியர் கடமையாகும்.