நாற்பத்தாறில் ஒன்று

எந்த எஞ்சினைச் செய்வது என்று முடிவெடுக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. செய்து முடிக்கப் பதினொரு மாதம்தான்.

கஹவத்தைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் முப்பத்து நான்கு வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். ரோலரும் பெல்ட்டும் பொயிலரும் பழகிய கை. இ.பி.எஃப். காசு வந்த வருடம் ஒரு சின்ன வைஸும் நல்லதொரு பற்றாசுக் கோலும் வாங்கினேன். பித்தளைத் தகட்டில் ஒரு கரி எஞ்சின் செய்ய வேண்டும், அதுவும் ஓட வேண்டும். சின்ன வயதிலிருந்தே இருந்த ஆசை.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே எஞ்சினைத்தான் சொன்னார்கள். 251ஆம் நம்பர், ‘சேர் தோமஸ் மெய்ட்லண்ட்’. வைஸ்ராய் ஸ்பெஷல் என்று வெள்ளைக்காரப் பயணிகளை மலைநாட்டுக்கு ஏற்றிப் போகும் எஞ்சின். 1805 முதல் 1811 வரை இலங்கையை ஆண்ட தேசாதிபதியின் பெயர் அதற்கு. அழகான எஞ்சின்தான், அதில் மறுப்பில்லை. படம் நிறைய இருக்கிறது, ஆளும் நிறையத் தெரியும்.

மாதிரி எஞ்சின் விற்கும் கம்பெனிகளும் இப்படித்தான் பார்க்கின்றன. ஊருக்கெல்லாம் பெயர் தெரிந்ததாக இருக்க வேண்டும். அளவெடுக்க ஒன்றாவது எங்கேயாவது நிற்க வேண்டும். ஒரே அச்சில் வார்த்து, நிறத்தையும் நம்பரையும் மாற்றிப் பல தடவை விற்க முடிய வேண்டும். அதனால்தான் ஹோர்ன்பி கம்பெனி ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ எஞ்சினைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. குறுகிய பாதை என்றால் டார்ஜிலிங். 1999இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்ட பாதை அது. அந்த ‘பி’ வகுப்பு எஞ்சினை ஆவியில் ஓடும் மாதிரியாகவே இங்கிலாந்தில் விற்கிறார்கள். எங்கள் களனிவெளிக் கோச்சியை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை.

அவிசாவளைக்கு 1902இல் வந்தது களனிவெளிப் பாதை. அடுத்த வருடமே தெஹியோவிட்ட, கரவனெல்ல தாண்டி எட்டியாந்தோட்டைக்குப் போனது. இன்னொரு கிளை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் தொட்டது. அதற்கு முன்னால் இரத்தினபுரிச் சரக்கு களு கங்கையில் படகேறிக் களுத்துறைக்குத்தான் இறங்கும். தண்டவாளம் இரண்டரை அடி அகலம், 762 மில்லிமீட்டர். மலையை அதிகம் வெட்டாமல் வளைந்து வளைந்து போகலாம், செலவும் குறைவு. துரைமார் கேட்டது தேயிலையையும் றப்பரையும் கொழும்புக்குக் கொண்டுபோக ஒரு வழி. ஆள் ஏறுவது இரண்டாம்பட்சம். 1910ஐ ஒட்டி றப்பர் விலை மேலே போனபோது சப்ரகமுவவில் காடு காடாக வெட்டி றப்பர் நட்டார்கள். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளின் வம்சம்தான் எங்கள் மலையெல்லாம். அந்த மரத்துப் பாலை வெட்டியவர்கள் நாங்கள். ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் இழுத்துப் போனது அந்தச் சின்ன எஞ்சின்.

கணக்கும் அதன் பக்கமே நின்றது.

கடையில் கிடைக்கும் சாதாரண மாதிரித் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். சேர் தோமஸ் ஓடும் அகலப் பாதை ஐந்தரை அடி, 1676 மில்லிமீட்டர். ஆங்கிலேயர் வழக்கப்படி எழுபத்தாறில் ஒன்றாகச் செய்தால் 22 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அது கடையில் கிடையாது. கிடைப்பதில் ஏற்றினால் நிஜத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை அடி குறைந்துவிடும். எஞ்சின் காலைச் சேர்த்துவைத்து நிற்பது போலிருக்கும். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவ ஏற்றத்துக்காக 1927இல் மான்செஸ்டரிலிருந்து வந்த பெரிய கெரட் எஞ்சினும் மனதில் இருந்தது. கேகாலை மாவட்டத்தில்தானே அந்த ஏற்றம் தொடங்குகிறது. ஆனால் அதற்கும் இதே தண்டவாளக் கஷ்டம். தொட்டு அளக்கவும் எனக்கு ஒன்று கிடைக்கவில்லை.

ஒரு நாள் ராத்திரி 762ஐ 16.5ஆல் வகுத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு, சொச்சம். அதாவது நாற்பத்தாறில் ஒன்றாகச் செய்தால் களனிவெளிக் கோச்சி கடைத் தண்டவாளத்தில் அப்படியே உட்காரும், ஒரு நூல் பிசகாது. அந்த அளவில் ஐந்தரை அடி மனுசன் 36 மில்லிமீட்டர். முகம் வரையலாம், தலைப்பாகை கட்டலாம். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

அளவெடுக்கக் கடுகண்ணாவ புகையிரத அருங்காட்சியகத்துக்குப் போனேன். இலங்கையில் கோச்சி ஓடி நூற்றைம்பது வருடம் நிறைந்த 2014 டிசம்பரில் திறந்த இடம் அது. அங்கே ஜே1 வகுப்பு எஞ்சின் நிற்கிறது. தண்ணீரைத் தன் விலாவிலேயே சுமக்கிற டாங்கி எஞ்சின், பின்னால் தனி டெண்டர் கிடையாது. இந்தப் பாதைக்கான எஞ்சின்களை முதலில் செய்துதந்தது கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டுவர்ட். டார்ஜிலிங் எஞ்சினையும் தொடக்கத்தில் செய்தவர்கள் அவர்களேதான். ஒரே பட்டறையில் பிறந்த இரண்டில் ஒன்றை உலகமே மேசையில் வைத்திருக்கிறது.

காவலாளி நல்ல மனுசன். நாடாவைப் பார்த்துவிட்டுத் தானே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். தொட்டி நீளம், புகைபோக்கி உயரம், ஓட்டுச் சில்லின் குறுக்களவு எல்லாம் கொப்பியில் எழுதினேன். பொயிலர் பக்கம் வந்ததும் கை தானாகவே ரிவிட்டைத் தட்டிப் பார்த்தது. ஸ்டோரில் காலையில் பொயிலரைத் தட்டிக் கேட்ட பழக்கம். ரிவிட்டின் தலை என் பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. நாற்பத்தாறில் ஒன்றாகச் சுருக்கினால் கடுகுக்கும் சின்னது. தகட்டின் பின்புறம் ஊசியை வைத்து ஒவ்வொன்றாக மெல்லத் தட்டி எழுப்பினேன். ஒரு பக்கத் தொட்டிக்கு மட்டும் ஐந்து நாள்.

அடுத்தது எந்த ஊர், எந்த வருடம் என்பது. எட்டியாந்தோட்டைப் பாதையை 1942இல், யுத்த காலத்தில் மூடிவிட்டார்கள். அதைச் செய்ய ஆசைதான், ஆனால் நான் கண்ணால் கண்டதில்லை. அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்க வரைக்கும் 1976இல் நின்றுபோனது. மிச்சம் இருந்ததை 1990களில் அகலப் பாதையாக்கினார்கள். எங்கள் பக்கம் கோச்சிப் பாதை இருந்த இடத்தில் இப்போது முச்சக்கர வண்டி ஓடுகிறது. நான் கண்டது கஹவத்தை ஸ்டேஷன். சாமான் பெட்டிகளைக் கோத்துக்கொண்டு கரி எஞ்சின் முன்னும் பின்னும் போய்வருவதைப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நின்று பார்ப்போம். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எழுதிப்போட்ட குடும்பங்கள் தலைமன்னார் போகக் கோச்சி ஏறியதும் அங்கேதான். என் அத்தையும் அதில் ஒருத்தி.

ஆகவே கஹவத்தை, 1970. எஞ்சினுக்குக் கறுப்பு, ஆனால் புதுக் கறுப்பு இல்லை. தொட்டியின் மூடியிலிருந்து தண்ணீர் வழிந்த கோடு பழுப்பாக இறங்க வேண்டும். பின்னால் ஒரு சாமான் பெட்டி, அதில் தேயிலைப் பெட்டிகள். ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிச் செய்தேன், ஒவ்வொன்றும் பதினொரு மில்லிமீட்டர். தோட்டத்து மார்க்கை ஊசி முனையால் எழுதினேன். பூதக்கண்ணாடி வைத்தால் வாசிக்கலாம்.

பேரன் பார்த்துவிட்டு, “தாத்தா, ஆளே இல்லையே” என்றான். அத்தையைச் செய்தேன். சேலை, காலடியில் தகரப் பெட்டி, இடுப்பில் பிள்ளை. அவள் கொஞ்சம் குட்டை, 33 மில்லிமீட்டர்தான் வந்தது. முகத்தை எந்தப் பக்கம் திருப்பி ஒட்டுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. எஞ்சினைப் பார்க்கிற மாதிரி வைத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அன்றைக்கு அவள் லயத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியே திருப்பி ஒட்டிவிட்டேன்.