சிபாப் கருவியின் அழுத்தச் சோதனை

சிபாப் கருவி, உறக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடாமல் காக்கும் பொருட்டு முகக்கவசம் வழியே இடைவிடாது காற்றழுத்தம் தரும் சாதனம். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் குழுவினரும் இம்முறையை 1981இல் வெளியிட்டனர். வீட்டுக் கருவிகளின் அழுத்தம் பெரும்பாலும் 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் வரை அமையும். 1 செ.மீ. நீரழுத்தம் ஏறத்தாழ 98 பாஸ்கல்.

சோதனை: குழாயின் முகக்கவச முனையில் மூன்றுவழி இணைப்பி பொருத்தப்படும். அதன் ஒரு வழியில் அழுத்தமானியும், மறுவழியில் முகக்கவசத்தில் உள்ளது போன்ற காற்றுக்கசிவுத் துளையும் இருக்கும். அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும் வசதியும், மூச்சுவிடும்போது அழுத்தத்தைத் தணிக்கும் வசதியும் நிறுத்தப்பட வேண்டும். நிலையான அழுத்தம் வைத்து, குறைந்த, நடு, உயர் அளவுகளில் அளப்பது நல்லது. அழுத்தமானிக்குப் பதிலாக நீர் நிரப்பிய யு-வடிவக் குழாயும் போதும்: 10 செ.மீ. நீரழுத்தத்தில் இரு நீர்மட்டங்களின் உயர வேறுபாடு 10 செ.மீ. இருக்கும்.

பிழையின் (அளந்த அழுத்தத்திற்கும் கருவியில் வைத்த அழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டின்) காரணங்கள்: அடைபட்ட வடிகட்டி, விரிசலுற்ற குழாய், ஈரப்பதத் தொட்டியின் தேய்ந்த அடைப்பான், குழாய்வகையைத் தவறாகக் குறித்த அமைப்பு. உயரமான மலையூர்களில், உயரத்திற்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளாத பழைய கருவிகள் குறைவான அழுத்தம் தரும்.

திருத்தம்: முதலில் மேற்சொன்ன குறைகளை நீக்கி மீண்டும் அளக்க வேண்டும். கையேடு அனுமதிக்கும் வரம்பை வேறுபாடு மீறினால், கருவியின் அழுத்த உணரியின் அளவுத்திருத்தத்தைப் பழுதுநீக்கும் மையமே செய்ய வேண்டும். பிழையை ஈடுகட்ட, மருத்துவர் குறித்த அழுத்தத்தைப் பயனர் தாமாக மாற்றக் கூடாது.