பெட்ரோலா, ஹைபிரிடா? நூறு வருஷத்துக் கேள்வி

நம் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து வெளியே வந்தவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு. சொந்தக்காரர், சிநேகிதர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் கார் வாங்கினாலும் முதல் போன் நமக்குத்தான். அமெரிக்காவில் குடியிருந்த இத்தனை வருஷத்தில் நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வி, "ஹைபிரிட் வாங்கலாமா, சாதா பெட்ரோல் வண்டியே போதுமா?" என்பதுதான். அதுவும் கப்பல் மாதிரி வந்து நிற்கும் சொகுசு எஸ்.யு.வி. வண்டிகளைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். (நாம் பெட்ரோல் என்பதை அங்கே 'கேஸ்' என்பார்கள். நான் நம்மூர் வழக்கப்படியே எழுதுகிறேன்.)

மலர்க் குழுவினர் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்றார்கள். சோழர், பல்லவர் பற்றி எழுத நம்மிடையே பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சரித்திரம் எஞ்சின் சரித்திரம். மேற்படி கேள்வி எப்படிப் பிறந்தது என்பதை இங்கே சொல்கிறேன். அது தெரிந்தால் பதில் பாதி கிடைத்த மாதிரி.

கொள்ளுத் தாத்தா வண்டி

ஹைபிரிட் என்றால் ஏதோ நேற்று வந்த கண்டுபிடிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். 1900ஆம் ஆண்டிலேயே வியன்னாவில் லோனர் கம்பெனியில் வேலை பார்த்த ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் அப்படி ஒரு வண்டியைச் செய்துவிட்டார். பிற்காலத்தில் ஃபோக்ஸ்வாகன் காரை வடிவமைத்த அதே போர்ஷேதான். பெட்ரோல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும்; அதில் வரும் கரண்ட், சக்கரத்துக்குள்ளேயே பொருத்திய மோட்டாருக்குப் போகும். வண்டிக்கு 'செம்பர் விவுஸ்' என்று லத்தீனில் பெயர் வைத்தார். 'என்றும் உயிருள்ளது' என்று பொருள். பெயர் ராசி உடனே பலிக்கவில்லை. எடை அதிகம், சிக்கலும் அதிகம்.

அதன் பிறகு சிகாகோ நகரின் உட்ஸ் கம்பெனி 1917ல் 'டூயல் பவர்' என்ற காரை விற்றுப் பார்த்தது. அதுவும் எடுபடவில்லை. காரணம் ஊரறிந்தது. 1908ல் வந்த ஃபோர்டின் 'மாடல் டி' வருஷா வருஷம் விலை குறைந்துகொண்டே போனது. 1912ல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்து, கையால் கிராங்க் சுற்றும் அவஸ்தையையும் தீர்த்துவிட்டது. பூமிக்கடியில் எண்ணெயோ கொட்டிக் கிடந்தது. அப்படியிருக்க ஒரே வண்டியில் இரண்டு சமையல்காரரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஐம்பது வருஷத்துக்கு ஹைபிரிடை எல்லோரும் மறந்துபோனார்கள்.

சட்டத்தின் ஓட்டையில் வளர்ந்த யானை

1973ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அமெரிக்கர்கள் பங்கில் க்யூவில் நின்றார்கள். அதன் விளைவாக 1975ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ், 1985க்குள் கேலனுக்கு 27.5 மைல் ஆக வேண்டும். (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்.) நல்ல சட்டம்தான். ஆனால் விவசாயிகளும் தொழிலாளிகளும் ஓட்டும் 'சிறு டிரக்' வண்டிகளுக்குத் தனிக் கணக்கு, இளகிய கணக்கு வைத்தார்கள். 1996 முதல் 2004 வரை அந்த அளவு 20.7 மைல்தான். 1978ல் வந்த அதிக எண்ணெய் குடிக்கும் கார்களுக்கான வரியும் டிரக்குகளைத் தொடவில்லை.

வியாபாரிக்குச் சொல்லியா தரவேண்டும்? டிரக் அடிச்சட்டத்தின் மேல் குடும்பம் உட்காரும் கூண்டைக் கட்டினார்கள், உள்ளே லெதர் போட்டார்கள், மரப்பலகை பதித்தார்கள். சட்டத்தின் கண்ணுக்கு அது டிரக், வாங்குபவர் கண்ணுக்கு அது அரண்மனை! 1990களின் கடைசியில் லிங்கன் நேவிகேட்டர், காடிலாக் எஸ்கலேட் என்று வரிசையாக வந்தன. 2003ல் இன்னொரு கூத்து. மொத்த எடை 6,000 பவுண்டுக்கு மேல் உள்ள வண்டியைத் தொழிலுக்கு என்று வாங்கினால் 1,00,000 டாலர் வரை முதல் வருஷமே வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று வரிச் சலுகை! டிராக்டர் வாங்குபவரை மனதில் வைத்துச் செய்தது. டாக்டரும் வக்கீலும் எஸ்.யு.வி. வாங்கிக்கொண்டார்கள். 2004 அக்டோபரில்தான் அதை 25,000 டாலராகக் குறைத்தார்கள்.

வூக் என்ற மனிதர்

இந்த இடத்தில் ஒருவரை நம் மாணவச் செல்வங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறேன். விக்டர் வூக் ஒரு எலக்ட்ரிகல் எஞ்சினியர். நாவலாசிரியர் ஹெர்மன் வூக்கின் சகோதரர். காற்றை அசுத்தப்படுத்தாத கார்களுக்கு அமெரிக்க அரசு 1970களில் ஒரு ஊக்கத் திட்டம் வைத்திருந்தது. அதை நம்பி, இவரும் சார்லஸ் ரோசன் என்பவரும் 1972 மாடல் ப்யூக் ஸ்கைலார்க் காரை எடுத்து, அதற்குள் ஒரு மாஸ்டா ரோட்டரி எஞ்சினையும் மின் மோட்டாரையும் வைத்து முழு அளவு ஹைபிரிட் கார் கட்டினார்கள். 1974ல் ஆன் ஆர்பர் ஊரிலுள்ள அரசுச் சோதனைச் சாலையில் அது ஓடியும் காட்டியது. ஆனால் அதிகாரிகள் திட்டத்தை மேலே கொண்டுபோகவில்லை. 1976ல் அதை மூடிவிட்டார்கள்.

அதே நாட்டில் 1993ல் அரசும் மூன்று பெரிய கார் கம்பெனிகளும் சேர்ந்து, கேலனுக்கு 80 மைல் போகும் குடும்பக் கார் செய்வோம் என்று கூட்டுத் திட்டம் போட்டார்கள். மாதிரி வண்டிகள் செய்தார்கள். ஷோரூமுக்கு ஒன்றும் வரவில்லை. ஷோரூம் நிறைய எஸ்.யு.வி.தான் நின்றது.

ஜப்பானிலிருந்து வந்த பதில்

1997 டிசம்பரில் டொயோட்டா ஜப்பானில் ப்ரியஸ் காரை விற்க ஆரம்பித்தது. தக்கேஷி உச்சியமாடாவின் தலைமையில் உருவானது. நம் மெக்கானிக்கல் நண்பர்கள் கொஞ்சம் நினைவைத் திருப்பிப் பாருங்கள். 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' பரீட்சையில் எபிசைக்ளிக் கியர் கணக்கு வரும். கட்டம் போட்டு ப்ளஸ் எக்ஸ், ப்ளஸ் ஒய் என்று எழுதித் தலையைப் பிய்த்துக்கொள்வோம். "இது எந்த வண்டிக்குடா ஆகப்போகுது?" என்று ஹாஸ்டல் வராந்தாவில் புலம்பாதவர் உண்டா? இந்த வண்டிக்குத்தான் ஆனது! நடுப் பல்சக்கரத்தில் ஜெனரேட்டர், அதைச் சுற்றும் குட்டிப் பல்சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் எஞ்சின், வெளி வளையத்தில் மோட்டாரும் சக்கரமும். எஞ்சின் சக்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை நேராகவும் ஒரு பங்கை மின்சாரமாகவும் அனுப்பும் வேலையை அந்தக் கியரே செய்துவிடுகிறது. பிரேக் போடும்போது வீணாகும் சக்தி பேட்டரிக்குத் திரும்புகிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைகிறது.

2004ல் ஃபோர்டு, எஸ்கேப் ஹைபிரிட் மூலம் எஸ்.யு.வி.க்கும் இதைக் கொண்டுவந்தது. 2005 ஏப்ரலில் லெக்ஸஸ் ஆர்.எக்ஸ். 400எச் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சொகுசு எஸ்.யு.வி.யில் முதல் ஹைபிரிட் அதுதான். 3.3 லிட்டர் வி6 எஞ்சின், முன்னால் ஒரு மோட்டார், பின் அச்சுக்குத் தனி மோட்டார். மொத்தம் 268 குதிரைசக்தி. அதாவது பெட்ரோல் அண்ணனைவிட வேகமும் அதிகம், செலவும் குறைவு. விக்டர் வூக் அடுத்த மாதம், 86வது வயதில் காலமானார். தாம் சொன்னது சரிதான் என்று சாலையில் ஓடிக் காட்டிய காலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது நமக்கு ஒரு ஆறுதல்.

கணக்கும் கட்டுப்படியும்

2005 ஆகஸ்டில் காத்ரீனா புயல் அடித்தது. செப்டம்பரில் அமெரிக்கச் சராசரி பெட்ரோல் விலை கேலனுக்கு 3 டாலரைத் தாண்டியது. அந்த மாதம் நியூ ஜெர்ஸியிலிருந்து என் பேட்ச்மேட் போன் செய்தான். "டேய், வீட்டுல ஹைபிரிட்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. எனக்குக் கணக்கு உதைக்குது. நீ போட்டுச் சொல்லு."

போட்டோம். வருஷம் 12,000 மைல். அன்றைய அரசு மதிப்பீட்டில் நாலு சக்கர இழுவை உள்ள ஆர்.எக்ஸ். 330 கேலனுக்குச் சுமார் 20 மைல், 400எச் சுமார் 29. முதலாவது 600 கேலன் குடிக்கும், இரண்டாவது 414. மிச்சம் 186 கேலன், அதாவது வருஷம் 558 டாலர். ஒரே வசதிகளுடன் அவனுக்குச் சொன்ன விலை வித்தியாசம் 6,000 டாலர். திரும்பி வரப் பத்தே முக்கால் வருஷம்! "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடுச்சே" என்றான்.

ஆனால் அந்த ஆகஸ்டில்தான் புதிய எரிசக்திச் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. 2006 ஜனவரிக்குப் பிறகு வாங்கினால் இந்த வண்டிக்கு 2,200 டாலர் வரியில் நேரடியாகக் கழியும். அப்போது ஏழு வருஷத்துக்குள் கட்டுப்படியாகும். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி போனை வாங்கிச் சொன்னது எனக்கு மறக்கவே மறக்காது. "அண்ணா, லெதர் சீட்டு, பாட்டுப் பெட்டின்னு ஆயிரக்கணக்குல தர்றோம். அது எத்தன வருஷத்துல திரும்பி வரும்னு யாராச்சும் கேக்கறாங்களா? இதுக்கு மட்டும் ஏன் கேக்கறீங்க?"

என்னிடம் பதில் இல்லை. எந்த எஞ்சினியரிங் புத்தகத்திலும் இல்லை. ஜனவரி வரை பொறுத்து ஹைபிரிடையே வாங்கினார்கள். பேட்டரி போய்விடும், போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்தினோம். 2019ல் வண்டியைக் கொடுக்கும்வரை அதே பேட்டரிதான் ஓடியது.

சலுகையும் நிரந்தரமல்ல. ஒரு கம்பெனி 60,000 ஹைபிரிட் விற்றதும் குறைய ஆரம்பிக்கும் என்று சட்டம். டொயோட்டாவுக்கு 2006 அக்டோபரில் பாதியானது. ஒரு வருஷத்தில் முழுதும் நின்றது. கலிபோர்னியாவில் ஹைபிரிட் கார்களுக்குத் தனியாக ஓட்டினாலும் கூட்டுப் பயண லேனில் போக அனுமதி தந்தார்கள். அதற்கு 45 மைல் மைலேஜ் வேண்டும் என்றதால் சிறிய கார்களுக்குத்தான் ஸ்டிக்கர் கிடைத்தது. சொகுசு எஸ்.யு.வி. ட்ராஃபிக்கில்தான் நின்றது.

மைலேஜ் மாயை

"எஸ்.யு.வி.யில் ஹைபிரிட் வைப்பது ஊரை ஏமாற்றும் வேலை, சின்னக் காரில் வைத்தால்தான் பிரயோஜனம்" என்று அன்று பலர் கேலி செய்தார்கள். 2008ல் டியூக் பல்கலைக்கழகத்தின் லாரிக், சோல் என்ற இருவர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இந்தப் பேச்சின் அடிமடியில் கை வைத்தது. கேலனுக்கு எத்தனை மைல் என்ற அளவே நம்மைக் குழப்புகிறது என்றார்கள். நீங்களே போட்டுப் பாருங்கள். 33 மைல் தரும் சின்னக் காரை விட்டு 50 மைல் தரும் ஹைபிரிடுக்கு மாறினால் 12,000 மைலுக்கு மிச்சம் 124 கேலன்தான். 20லிருந்து 29க்குப் போன எஸ்.யு.வி. மிச்சம் பிடித்தது 186 கேலன்! அதிகம் தின்னும் யானைக்குத்தான் பத்தியம் அதிகம் பலிக்கும். 2013 மாடல் முதல் அமெரிக்க அரசு ஒட்டும் விலைச் சீட்டில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதையும் அச்சிடுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கேலனுக்கு 27 மைல் தரும் சாதாரண செடான் வைத்திருப்பவர், 'பூமியைக் காப்பாற்றுகிறேன்' என்று 29 மைல் தரும் ஹைபிரிட் எஸ்.யு.வி. வாங்கினால் மிச்சம் 30 கேலன் சொச்சம்தான். எதை விட்டு எதற்கு வருகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்றைய நிலை

2008 கோடையில் கேலன் 4 டாலரையும், 2022 ஜூனில் 5 டாலரையும் தாண்டியது. இடையில் விலை இறங்கியபோதெல்லாம் பெரிய பெட்ரோல் வண்டிகள் மறுபடி பறந்தன. காடிலாக் எஸ்கலேட்டிலும் 2009 மாடலில் ஹைபிரிட் வந்து 2013உடன் நின்றுபோனது. ஆனால் டொயோட்டா விடவில்லை. 2023 மாடல் ஆர்.எக்ஸ். 350 நாலு சக்கர இழுவையில் 24 மைல் தந்தால், 350எச் 36 மைல் தருகிறது. சியன்னா 2021லிருந்தும், செகோயா 2023லிருந்தும், கேம்ரி 2025லிருந்தும் அமெரிக்காவில் ஹைபிரிடாக மட்டுமே கிடைக்கின்றன. அந்த வண்டிகளைப் பொறுத்தவரை கேள்வியே மறைந்துவிட்டது.

சரி, எதை வாங்குவது? என்னைக் கேட்பவர்களிடம் நான் மூன்றே மூன்று கேட்பேன். வருஷம் எத்தனை மைல் ஓட்டுவீர்கள்? ஊருக்குள் நின்று நின்று போவதா, நெடுஞ்சாலையா? எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? நிறைய ஓட்டி, டவுனில் ஓட்டி, பத்து வருஷம் வைத்திருப்பவருக்கு ஹைபிரிட். வாரத்தில் ஒரு நாள் கோவிலுக்கும் கடைக்கும் எடுப்பவருக்குப் பெட்ரோலே போதும். அதைவிடச் சின்ன வண்டி இன்னும் நல்லது.

மாணவச் செல்வங்களே! 2022ல் கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைக்ராஸ் வந்ததிலிருந்து இதே கேள்வி நம்மூர் ஷோரூமிலும் கேட்கிறது. நாளைக்கு உங்களுக்கும் போன் வரும். இந்தச் சரித்திரத்தில் எஞ்சின் தோற்ற இடங்களைவிட, சட்டமும் விலையும் வரியும் அதைத் தோற்கடித்த இடங்கள் அதிகம். வூக்கின் வண்டி 1974லேயே ஓடியது. அதை ஓடவிட்டிருந்தால் எத்தனை கோடி கேலன் பூமிக்குள்ளேயே இருந்திருக்கும்! ஆகவே எபிசைக்ளிக் கியரை ஒழுங்காகப் படியுங்கள். கூடவே அந்த வண்டியை ஓடவிடுகிற, நிறுத்திவிடுகிற சட்டத்தையும் கொஞ்சம் படியுங்கள். இரண்டும் தெரிந்த எஞ்சினியர்கள் நம் கல்லூரியிலிருந்து நிறைய வர வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.